சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே எழுத்தாளர் நாவல் எழுத முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் இப்படிக் கேட்கும் பலரும், 'முதலில் சிறுவர்களுக்கு எழுதிக் கை பழகலாம், அப்புறம் பெரிய நாவலுக்குப் போகலாம்' என்ற கணக்கோடுதான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆங்கில நாவலாசிரியை பெனலோப்பி லைவ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1933-ல் கெய்ரோவில் பிறந்து, 12 வயதில் இங்கிலாந்து வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். 1970-ல் சிறுவர் நாவலோடு தொடங்கினார். 1973-ல் வந்த 'தி கோஸ்ட் ஆஃப் தாமஸ் கெம்ப்' சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கம் பெற்றது. பெரியவர்களுக்கான முதல் நாவல் 1977-ல் வந்தது. 1987-ல் 'மூன் டைகர்' புக்கர் பரிசு வென்றது.

வருடங்களை மட்டும் பார்த்தால் பதவி உயர்வு மாதிரித்தான் தெரியும். பரிசு பெற்ற இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், அந்த எண்ணம் போய்விடும். முதலாவதில், 17-ஆம் நூற்றாண்டு மந்திரவாதியின் ஆவி ஒரு பழைய வீட்டில் கிளம்பி அட்டகாசம் செய்கிறது. பழியெல்லாம் அங்கே குடிவந்த சிறுவன் ஜேம்ஸ் தலையில். இரண்டாவதில், சாகக் கிடக்கும் வரலாற்றாசிரியை க்ளாடியா, போர்க்கால எகிப்தில் பறிகொடுத்த காதலனிடம் மனதால் திரும்பத் திரும்பப் போகிறாள். முடிந்துபோனதாக நாம் நினைக்கும் காலம் நம்மை விடுவதில்லை என்பதுதான் இரண்டிலும் அவருடைய அக்கறை. ஜேம்ஸுக்குத் தனக்கென்று பழைய காலம் அதிகம் இல்லை, அதனால் அது வெளியிலிருந்து, குறும்பும் சத்தமுமாக வந்தாக வேண்டும். க்ளாடியாவுக்கு ஆவியே தேவையில்லை. ஒரே சம்பவத்தை வெவ்வேறு ஆட்களின் பார்வையில் மறுபடி சொன்னால் போதும், மிச்சத்தை வாசகர் தன் நினைவுகளைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். இந்த இடத்தில்தான் லைவ்லியின் திறமை என்னை அசர வைக்கிறது.

ஃபின்லாந்து எழுத்தாளர் தூவே யான்சனும் இப்படித்தான். மூமின் என்ற கற்பனை உயிரினங்களைப் பற்றி அவர் சிறுவர்களுக்காக 1945-ல் தொடங்கிய கதைகளின் கடைசி நாவல் 1970-ல் வந்தது. அதில் மூமின் குடும்பமே வராது. அவர்களைத் தேடி வந்தவர்கள் ஆளில்லாத வீட்டில் காத்திருக்கிறார்கள். சிறுவர் நாவலில் இவ்வளவு பெரிய வெறுமையை வைத்தவர், 1972-ல் ஒரு பாட்டியும் பேத்தியும் தீவில் கழிக்கும் கோடைகாலத்தைப் பெரியவர்களுக்காக எழுதினார்.

அதனால் 'எதில் தொடங்குவது?' என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். கையில் இருக்கும் கதையில் யார் கண்வழியாகப் பார்க்கிறீர்கள், அந்த ஆளுக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை என்றால் நடப்பதைக் கண்முன் நடத்திக் காட்டுங்கள். துக்கத்தை ஒளிக்க வேண்டாம், வாக்கியத்தையும் நீர்க்க வைக்க வேண்டாம்.