பயனர் கூடக் கூடச் சந்தா விலை குறைய வேண்டும்: பில்லிங்கில் எந்த முறையை வைப்பது?

முதல் 10 பயனர் வரை தலைக்கு மாதம் 100, அதற்கு மேல் 80 என்று வைக்கப் போவதாகச் சொல்லி, வால்யூம், டியர்டு, ஸ்டேர்ஸ்டெப் மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், டியர்டு. பில்லிங் மென்பொருளைத் திறக்கும் முன் 9 முதல் 13 பேர் வரை என்ன பில் வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

வால்யூமில் மொத்த எண்ணிக்கை எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் விலைதான் எல்லோருக்கும். 9 பேருக்கு 900, 10 பேருக்கு 1000. 11 ஆனதும் எல்லோருக்கும் 80, ஆக 880. ஆள் கூடியும் வரவு குறைகிறது! 13ஆவது ஆள் வந்தால்தான் 1000-ஐத் தாண்டுவீர்கள். கணக்குப் போடத் தெரிந்த வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு பயனரைச் சேர்த்துக்கொள்வார். அதில் அவர்மேல் தப்பே இல்லை.

டியர்டில் முதல் 10 பேரின் 100 அப்படியே நிற்கும், 11ஆவது ஆளுக்கு மட்டும் 80. பில் 1080. (ஸ்ட்ரைப் என்ற கட்டண மென்பொருளில் இதையே கிராஜுவேட்டட் என்பார்கள்.) 50 பேர் வைத்திருப்பவருக்குச் சராசரி 84 வரும், “80 என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்பார். இன்வாய்ஸில் ஒவ்வொரு படியையும் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஸ்டேர்ஸ்டெப், அதாவது 10 வரை ஒரு தொகை, 50 வரை இன்னொரு தொகை என்பது, ஏபிஐ அழைப்பு (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்பது) மாதிரி யாரும் ஒவ்வொன்றாக எண்ணாதவற்றுக்குச் சரி. பயனர்களுக்கு வேண்டாம். ஒரே ஒருவருக்காக பில் எகிறினால் லாகினைப் பகிர ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம், மாத நடுவில் எண்ணிக்கை மாறினால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். டியர்டில் 8 பேர் 13 ஆனால் இருவருக்கு 100, மூவருக்கு 80, மொத்தம் 440; பாதி மாதம்தான் மீதி என்றால் 220. வால்யூமில் 9 பேர் 11 ஆனால், ஆள் சேர்த்தவருக்கு நீங்களே பணத்தைத் திருப்பி வரவு வைக்க வேண்டியிருக்கும். ஆளைக் குறைப்பதை மட்டும் அடுத்த புதுப்பித்தலிலிருந்து அமலாக்கினால் போதும்.

பின்னாளில் விலையை மாற்றும்போது பழைய விலையில் கை வைக்காதீர்கள். புதிதாக ஒன்றை உருவாக்கி, புதிதாகச் சேருபவர்களை அதில் போடுங்கள்.