எதிர்ப்புச் சக்தியைப் புட்டியில் வாங்க முடியுமா?

கேள்வி: நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று அச்சிட்ட மாத்திரைகளும் பொடிகளும் விற்கப்படுகின்றன. என் ஐந்து வயதுக் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: உடலின் பாதுகாப்பு, கூட்டவோ குறைக்கவோ கூடிய ஒற்றைச் சக்தி அன்று. தோல் முதல் தடையாக நிற்கிறது. அதன் மேற்பரப்பின் மெல்லிய அமிலத்தன்மை பல கிருமிகளுக்கு ஒவ்வாது. மூச்சுக்குழாயில் ஊறும் சளி, உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்ள, அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுகின்றன. விழுங்கப்பட்டதில் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்தில் அழிந்துபோகிறது. கண்ணீரில் உள்ள லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாவின் சுவரையே உடைக்கிறது. அலெக்சாண்டர் பிளெமிங் 1922இல் இதை விவரித்தார். இவற்றையும் கடந்து நுழைபவற்றை வெள்ளை அணுக்கள் எதிர்கொள்கின்றன. சில உடனே விழுங்குகின்றன. வேறு சில, குறிப்பிட்ட அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளை உருவாக்கி, அடுத்த முறைக்காக அதை நினைவிலும் வைத்துக்கொள்கின்றன.

இத்தனையில் எதைக் கூட்டுகிறது, எந்த நோயைத் தடுக்கிறது என்று அந்தப் புட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத வரையில் அந்த வாசகத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் கூட்டுவது நல்லதும் அன்று: ஒவ்வாமையும் முடக்குவாதமும், இதே பாதுகாப்பு அமைப்பு தேவையற்ற இடத்தில் பாய்வதால் வருபவை.

இத்தகைய மாத்திரைகளில் அதிகம் காணப்படும் வைட்டமின் சி, தினமும் உட்கொண்டாலும், பொதுவாகச் சளி பிடிப்பதைத் தடுப்பதில்லை. பிடித்த சளியின் காலத்தைச் சற்றே குறைக்கக்கூடும், அவ்வளவுதான். பெரியவர்கள் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம்; குழந்தைகளுக்கான வரம்பு இதைவிட மிகக் குறைவு. துத்தநாகத்தை நெடுநாள் அளவுக்கு மீறி உட்கொண்டால் உடலில் தாமிரச் சத்து குறைந்துபோகும். பரிசோதனையில் ஏதேனும் ஒரு சத்து குறைவென்று தெரிந்து, மருத்துவர் அதை எழுதிக் கொடுப்பது முற்றிலும் வேறு.

சிறு குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால், குழந்தையின் உடல் ஒவ்வொன்றையும் புதிதாகச் சந்திக்க வேண்டியிருக்கிறது. எடை கூடாமல் இருந்தாலோ, நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடலுக்கு நினைவைக் கற்பிக்கும், சோதித்து நிறுவப்பட்ட வழி தடுப்பூசி. அட்டவணையில் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள்.

கேள்வி: கிருமிநாசினி சோப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. சாதாரண சோப்பே கிருமிகளைத் தோலிலிருந்து பிரித்து நீரோடு அனுப்பிவிடுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை இத்தகைய சோப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. சாதாரண சோப்பையும் நீரையும்விட அவை மேலானவை என்பதைத் தயாரிப்பாளர்கள் நிறுவவில்லை. கைகளைக் குறைந்தது 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் கிடைக்காத நேரத்துக்கென்று சானிடைசர் வாங்கினால், ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். மணமும் நிறமும் கணக்கில் இல்லை.