எக்செல் கேள்வி-பதில்: காலியாகத் தெரியும் செல் (கட்டம்) எல்லாம் காலியா?

30 பேரின் மதிப்பெண்ணுக்கு ஆவரேஜ் போட்டேன். தேர்வுக்கு வராத 5 பேரின் செல்களைக் காலியாக விட்டிருந்தேன். சராசரி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருகிறதே?

ஆவரேஜ் காலி செல்லைக் கணக்கிலேயே எடுக்காது. கூட்டுத்தொகையை 25-ஆல்தான் வகுத்திருக்கும். 30-ஆல் வகுபட வேண்டுமானால் அந்த 5 செல்களிலும் 0 அடியுங்கள். ஆனால் வராதவரும் பூஜ்யம் வாங்கியவரும் ஒன்றா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஒன்றில்லை, காலியாகவே விடுவேன்.

எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்க =டுடே()-சி2 எழுதினேன். தேதி இல்லாத வரிசைகளில் 45 ஆயிரத்துக்கு மேல் ஏதோ எண் வருகிறது.

கழித்தல், கூட்டல் போன்ற குறிகளுக்குக் காலி செல் என்றால் 0. எக்செல் தேதியை 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களாக வைத்திருக்கிறது. இன்றைய தேதியிலிருந்து 0 கழிந்தால் அந்த முழு எண்ணும் அப்படியே வெளியே வரும். =இஃப்(சி2="","",டுடே()-சி2) என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். இதில் "" என்றால் எதுவுமில்லாத வெற்று எழுத்து.

பட்டியலில் 100 வரிசைதான். கவுண்ட்ஏ 100 என்கிறது, கவுண்ட்பிளாங்க் 12 என்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

இந்தக் குழப்பத்தை நேரில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் டி நெடுவரிசையில் =இஃப்(பி2>0,பி2,"") மாதிரி ஒரு ஃபார்முலா இருக்க வேண்டும். நிபந்தனை பொருந்தாத 12 செல்களில் "" வந்திருக்கிறது. கண்ணுக்கு வெறுமை, ஆனால் உள்ளே ஃபார்முலா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது கவுண்ட்ஏ, அதனால் 100-ஐயும் எண்ணுகிறது. கவுண்ட்பிளாங்க் "" வந்த செல்லையும் காலி என்றே எடுத்துக்கொள்கிறது. ஆக, அந்த 12 செல்களும் இரண்டு பக்கமும் எண்ணப்படுகின்றன.

செல் காலியா என்று சோதிக்கும் ஈஸ்பிளாங்க் கொடுத்துப் பாருங்கள், "" வந்த செல்லுக்கு ஃபால்ஸ் என்றுதான் சொல்லும். அதனால்தான் நான் ஈஸ்பிளாங்கைவிட டி2="" என்ற சோதனையையே நம்புகிறேன். உண்மையிலேயே காலியான செல், "" வந்த செல் இரண்டுக்கும் அது ட்ரூ தரும்.

இன்னொன்று: "" என்பது எழுத்து வகை. டி2+ஈ2 என்று கூட்டினால் வேல்யூ பிழை வரும். சம்(டி2,ஈ2) அதைத் தாண்டிப் போய்விடும். நிரம்பிய வரிசைகளை மட்டும் எண்ண =ரோஸ்(டி2:டி101)-கவுண்ட்பிளாங்க்(டி2:டி101) போடுங்கள், 88 கிடைக்கும்.

அப்புறம், யாராவது ஸ்பேஸ் தட்டிவிட்டுப் போன செல் இருந்தால் இந்தச் சோதனை எதிலும் அது காலியாகாது. காலியாகத் தெரியும் செல்லுக்கு, எழுத்துகளை எண்ணும் லென்(டி2) 1 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள், ட்ரிம் போட்டு நீக்குங்கள்.

பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்அப் (VLOOKUP), எடுக்கும் செல் காலியாக இருந்தால் 0 காட்டுகிறது.

எக்செலில் அப்படித்தான். எழுத்தாக வரவேண்டிய விடை என்றால் ஃபார்முலாவின் கடைசியில் &"" சேருங்கள். எண்ணாக வேண்டுமென்றால் இதைச் செய்யாதீர்கள், விடை முழுக்க எழுத்தாகிவிடும். பிறகு சம் போட்டால் அந்த எண்கள் கூட்டலில் சேராது.

ஏ2*பி2 என்றால் 0, ப்ராடக்ட்(ஏ2,பி2) என்றால் 8. ஏ2-இல் 8 இருக்கிறது, பி2 காலி.

பெருக்கல் குறி காலியை 0 ஆக்குகிறது, ப்ராடக்ட் அதை விட்டுவிடுகிறது. விலையை அளவால் பெருக்கும் பட்டியலில், அளவு நிரப்பாத வரிசையில் தொகை வந்து நிற்பது ஆபத்து. அங்கே பெருக்கல் குறியே நல்லது.