ஒரே சமையலைச் சாப்பிட்டும் கணவருக்கு ஒத்துக்கொள்வது எனக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

சிறுதானியத்துக்கு மாறியதும் கணவருக்கு வயிறு லேசாகிவிட்டது, உங்களுக்கு மட்டும் உப்புசம், குடல் பாக்டீரியாவில் ஆண் பெண் வித்தியாசம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. "அவனும் அதைத்தானே சாப்பிடறான், உனக்கு மட்டும் என்ன?" என்று உங்கள் வீட்டிலும் யாரோ கேட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் கேட்டார்கள். கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றதும் காலையில் கம்மங்கூழ், மதியம் சாமைச் சோறு, தினமும் பயறு என்று மாற்றினோம். அவருடைய நெஞ்செரிச்சல் போயே போய்விட்டது. எனக்கோ சாயங்காலம் பள்ளிவிட்டு வரும்போது வயிறு கல்லாக இருக்கும், புடவையைத் தளர்த்தினால்தான் மூச்சு விட முடியும். டாக்டரிடம் போனால் வயிற்றில் கைகூட வைக்காமல் "டென்ஷனைக் குறைங்கம்மா" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

நான் டாக்டர் இல்லை, விலங்கியல் ஆசிரியை. இதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். 2014-ல் டேனியல் போல்னிக் என்ற உயிரியலாளரின் குழுவினர் ஸ்டிக்கிள்பேக், பெர்ச் என்ற இரண்டு வகை மீன்களின் குடலை ஆராய்ந்தார்கள். உணவு மாறும்போது குடல் பாக்டீரியாவும் மாறியது, ஆனால் ஆணில் மாறிய விதம் வேறு, பெண்ணில் வேறு. மனிதர்களிலும் அதற்கான தடயம் தெரிந்தது.

காரணத்தில் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம். கல்லீரல் வெளியேற்றும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. அங்குள்ள சில பாக்டீரியாக்கள் அதைப் பிரித்து மறுபடி ரத்தத்துக்கே அனுப்புகின்றன. அப்புறம், பெருங்குடலில் உணவு நகரும் வேகம் பொதுவாகப் பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. நார்ச்சத்து அங்கே அதிக நேரம் தங்கினால் பாக்டீரியாவுக்கு நொதிக்க வைக்க நேரம் கிடைக்கிறது, வாயு சேர்கிறது.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சில பெண்கள் கமென்ட் போடுவீர்கள். இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் ஆண் பெண் வித்தியாசத்தைவிடப் பெரிது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நீங்கள் இருவரும் சாப்பிடுவது உண்மையிலேயே ஒரே சாப்பாடுதானா? எங்கள் வீட்டில் அவருக்கு நேரத்துக்குச் சூடாகத் தட்டு வந்துவிடும், கீரை கூட்டு முதல் பந்தியிலேயே காலி. லீவு நாளில்கூட நான் மூன்று மணிக்கு அடிச்சட்டியில் மிஞ்சிய சுண்டலைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவேன். போதாததற்கு ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு. உடல் உறிஞ்சாத இரும்பு பெருங்குடலுக்குத்தான் போகிறது, அங்குள்ள பாக்டீரியாவையும் மாற்றுகிறது. கென்யாவில் கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. ஒரே வீட்டில் தட்டு வேறு வேறு என்று சொன்னால் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்பார்கள். சொல்லட்டும்.

எனக்கு உதவியது இதுதான். பயற்றின் அளவைப் பாதியாக்கி, இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தேன். வேறொரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். லீவு நாளில் கணவரோடு சேர்ந்தே சாப்பிட உட்காருகிறேன். நீங்களும் மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டு மாற்றுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். "டென்ஷன்" என்று அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள்.