டாக்டரைக் கேளுங்கள்: புண்ணுக்குள் மருந்துக் கரைசல்

கேள்வி: அப்பாவுக்கு முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். தையல் போடுவதற்கு முன் பீட்டாடைன் ஊற்றிக் கழுவுவார்களாமே, நரம்புக்கு ஆபத்தில்லையா டாக்டர்?

பதில்: பீட்டாடைன் என்பது அயோடின் கலந்த கிருமிநாசினி. பாட்டிலில் இருக்கும் 10 சதவீதக் கரைசலை அப்படியே ஊற்ற மாட்டோம் அம்மா. எங்கள் தியேட்டரில் அதில் 35 மில்லியை எடுத்து, சலைன் சேர்த்து ஒரு லிட்டராக்குவோம். 0.35 சதவீதம், வெளிறிய டீ நிறத்தில் இருக்கும். ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்தியபின் புண் நிறைய ஊற்றி, 3 நிமிடம் ஊறவிட்டு, உறிஞ்சி எடுத்துவிட்டுச் சலைனால் நன்றாக அலசுவோம். அந்த 3 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வது நர்ஸின் வேலை. அவசரப்படும் சர்ஜனை அதட்டும் உரிமையும் அவருக்கு உண்டு!

உலோகத்தின் மேல் கிருமி படலம் கட்டிவிட்டால் மாத்திரை, ஊசி எதுவும் லேசில் எட்டாது. ஒட்டுவதற்குள் அழிக்கத்தான் இந்தப் பாடு. 2017-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிக் கழுவுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

நரம்பைச் சுற்றியுள்ள ட்யூரா உறை கிழிந்து தண்டுவட நீர் கசிந்தால் நான் இதை ஊற்றமாட்டேன். குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினி தோலோடு சரி, நரம்புப் பக்கம் வரக்கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து, வாயுக்குமிழி ரத்தத்தில் ஏறும் அபாயம் உண்டு. முதுகுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசிக்கு இது மாற்றல்ல. சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். அப்பாவுக்குத் தைராய்டு தொல்லையோ, முன்பு பீட்டாடைன் பட்டு அரிப்போ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.