காபிக் கொட்டை ஆற்றும் கூலர்: கேளுங்கள், சொல்கிறேன்

வறுத்த கொட்டையை ஆற்ற வீட்டிலேயே கூலர் செய்வது பற்றி மட்டும் கேளுங்கள். எந்த ரோஸ்டர் வாங்கலாம் என்ற கேள்வி இன்றைக்கு வேண்டாம்.

கேள்வி: தட்டில் கொட்டி வைத்தால் தானாக ஆறிவிடுமே, இதற்கு ஒரு கருவியா?

ஆறும். ஆனால் ஆறுகிற வரைக்கும் உள்ளே வறுபட்டுக்கொண்டே இருக்கும். இறக்கும்போது கொட்டை 210-லிருந்து 225 டிகிரி வரை சூட்டில் இருக்கிறது, அடுப்பை அணைத்தது அதற்குத் தெரியாது. இரண்டாவது வெடிப்பை (வறுபடும் கொட்டை இரண்டாம் தடவை படபடவென வெடிக்கும் கட்டத்தை) நெருங்கிவிட்டால் கொட்டைக்குள் நடக்கும் வேதிவினையே வெப்பத்தை வெளிவிடும். குவியலாகக் கிடந்தால் நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பதைவிட இன்னும் கருகும், நீங்கள் பார்த்துப் பார்த்து நிறுத்திய இடம் ஒன்று, கப்பில் வருவது வேறொன்று. நாலு நிமிடத்துக்குள் கையில் அள்ளும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். அதுதான் இலக்கு.

கேள்வி: ஒரு தடவைக்கு 150 கிராம்தான் வறுக்கிறேன். எந்த ஃபேன் வாங்கட்டும்?

எதுவும் வாங்காதீர்கள். எவர்சில்வர் சல்லடை இரண்டு எடுத்து, ஓடுகிற ஃபேன் முன்னால் நின்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றிக் கொட்டினால் போதும். கொட்டையிலிருந்து உரிந்த மெல்லிய தோல் பறக்கும், வெளியில் நின்று செய்யுங்கள்.

கேள்வி: அரை கிலோ வறுக்கிறேன். சல்லடைக்கு மேலே டேபிள் ஃபேனைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், பத்து நிமிடம் ஆகிறது. என்ன தப்பு?

காற்றை மேலிருந்து ஊதினால் அது கொட்டைக்குள் நுழையாமல் மேலே பட்டு ஓரமாக ஓடிவிடும். கீழிருந்து இழுக்க வேண்டும். அப்போது அறைக் காற்று ஒவ்வொரு கொட்டைக்கும் இடையில் நுழைந்துதான் கீழே போக முடியும், தோலும் முகத்தில் பறக்காமல் உள்ளே இறங்கும்.

அதற்காக அதே டேபிள் ஃபேனை அடியில் வைக்காதீர்கள். இறக்கை ஃபேன் திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும், முன்னால் தடை வந்தால் சோர்ந்துவிடும். கம்ப்யூட்டர் ஃபேனும் அப்படித்தான். சக்கரம் உள்ளே சுழன்று பக்கவாட்டில் தள்ளுகிற புளோயர் இருக்கிறதே, அதற்குத்தான் கொட்டைப் படுகையைத் தாண்டி இழுக்கும் வலு உண்டு.

செய்முறை எளிது. ஒரு உலோக வாளி, அதன் வாயில் கச்சிதமாக உட்காரும் எவர்சில்வர் சல்லடை. வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில், ஓட்டை போட்டு உலோகக் குழாய் வழியாகப் புளோயரின் இழுக்கும் வாயோடு இணையுங்கள். அடியில் இடம் விடுவது தோல் தங்குவதற்காக. சல்லடைக் கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சின்னக் கொட்டை சிக்கிக்கொள்ளும்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அரை கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டதும் கிட்டத்தட்ட 425 கிராம், ஒரு லிட்டருக்குச் சற்று மேலே இடம் பிடிக்கும். 30 செ.மீ. சல்லடையில் அது 2 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும். 20 செ.மீ. சல்லடையில் 4 செ.மீ. வரை ஏறும், புளோயர் திணறும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது விளிம்பில். சல்லடைக்கும் வாளிக்கும் நடுவே விரல்நுனி அளவு இடைவெளி இருந்தாலே காற்று கொட்டையை விட்டுவிட்டு அந்த வழியாகப் போகும். சூடு தாங்கும் சிலிகான் பட்டை வைத்து அடையுங்கள். புளோயரை ஓடவிட்டு ஒரு டிஷ்யூ துண்டை விளிம்பைச் சுற்றிக் காட்டுங்கள், எங்கே இழுக்கிறதோ அங்கே ஓட்டை.

கேள்வி: ஃபிரீசரில் வைத்தால் வேலை முடிந்ததே?

முடியாது. அங்கே காற்று அவ்வளவாக நகர்வதில்லை, குவியலின் நடு மெதுவாகத்தான் ஆறும். குளிர்ந்த கொட்டையை வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

கேள்வி: ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்தால்?

காற்றே படாது, இன்னும் மோசம். கவரும் உருகும்.

கேள்வி: ஃபிரிட்ஜ்?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பழைய வாக்குவம் கிளீனர் ஒன்று சும்மா கிடக்கிறது. இழுக்கும் வலு ஏராளமாக இருக்கும் அல்லவா?

வலு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. உரிந்த தோல் பஞ்சு போல உடனே பற்றும். கொட்டையோடு ஒரு பொறி வந்தால், அது காகிதப் பையும் தூசியும் காற்றும் நிறைந்த இடத்துக்குள் நேராகப் போகிறது. நீங்கள் அணைத்துவிட்டுப் போன பிறகுகூட உள்ளே புகைந்துகொண்டிருக்கும். இழுக்கிற காற்றையே மோட்டாரைக் குளிர்விக்கப் பயன்படுத்தும் மாடல்களும் உண்டு, அவற்றுக்குச் சூடான காற்று எமன். பயன்படுத்தியே தீருவேன் என்றால் நடுவில் உலோக வாளி கட்டாயம், குழாயின் முதல் பகுதி உலோகமாக இருக்கட்டும், ஒவ்வொரு வறுப்புக்குப் பிறகும் வாளி, பை இரண்டையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் வடிதட்டு?

வேண்டாம். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகும்.

கேள்வி: பெரிய ஆலைகளில் தண்ணீர் தெளித்துத்தான் ஆற்றுகிறார்கள். ஸ்பிரே பாட்டில் போதும், நீங்கள் வீணாகச் சிக்கலாக்குகிறீர்கள்.

ஆலைகளில் செய்வது உண்மைதான். நூற்றுக்கணக்கான கிலோவைக் காற்றால் மட்டும் சட்டென்று ஆற்றுவது கடினம், அதனால் அளந்து தெளிக்கிறார்கள். அந்த "அளந்து" என்பதுதான் விஷயம். கால் கிலோ வறுத்த கொட்டை 220-லிருந்து 100 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம் தோராயமாக 20 மில்லி தண்ணீரை ஆவியாக்கும். அதற்கு மேல் தெளிப்பதைக் கொட்டை குடித்துவிடும்.

அதே நண்பர்: நானும் தெளிக்கிறேன். குடித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

அன்றைக்கே குடித்தால் தெரியாமல் போகலாம், மறுக்கவில்லை. ஈரம் ஏறிய கொட்டை வாயுவைச் சீக்கிரம் இழக்கும், சீக்கிரம் பழசாகும், வைத்திருந்து குடிக்கும்போதுதான் வித்தியாசம் வரும்.

இன்னொருவர்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்றால் தண்ணீரில் என்ன குறை?

சரி, அளந்தே பார்த்துவிடுங்கள். இறக்கியவுடன் எடை போடுங்கள், தெளித்து ஆறியபின் மறுபடி போடுங்கள். கூடியிருந்தால் கூடியது அத்தனையும் கொட்டைக்குள் இருக்கும் தண்ணீர். கூடவில்லை என்றால் உங்கள் கை அளவு சரி, தொடருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மின்சாரத்தில் ஓடும் ரோஸ்டருக்குள் தெளிக்காதீர்கள், இதில் விவாதமே கிடையாது. தண்ணீர்ப் பேச்சை இதோடு விடுவோம்.

கேள்வி: காற்று உள்ளே போகும் இடத்தில் ஐஸ் வைத்தால் வேகம் கூடுமா?

பெரிதாகக் கூடாது. கொட்டை 220 டிகிரியில் இருக்கும்போது காற்று 30-ஆ 20-ஆ என்பது அற்ப வித்தியாசம். ஐஸுக்குச் செலவிடும் சிரமத்தை விளிம்பு ஓட்டையை அடைப்பதில் காட்டுங்கள்.

கேள்வி: வாக்குவம் கிளீனரை நேரடியாகச் சல்லடையில் மாட்டலாமா?

தோல், பொறி, காகிதப் பை. மேலே விரிவாக இருக்கிறது. கூடாது.

கேள்வி: ஆறியதும் காற்றுப் புகாத பாட்டிலில் அடைக்கலாமா?

முதல் நாளே இறுக்க வேண்டாம், கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். வாயுவை வெளியே மட்டும் விடும் வால்வு வைத்த பை நல்லது.

கேள்வி: கிளறுவதற்கு மோட்டார் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

கொட்டை 3 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் மரக்கரண்டியே போதும், முதல் ஒரு நிமிடம் விடாமல் கிளறுங்கள். இரண்டு கிலோ வறுக்க ஆரம்பித்ததும் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.