தீபாவளி எந்த மாதம்?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு ஜவுளிக்கடைக்கு விற்பனையைக் கணிக்கும் மென்பொருள் எழுதுகிறேன். 2022 முதல் 2025 வரை நான்கு வருட மாத விற்பனை கையில் இருக்கிறது. பைத்தானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் என்ற புள்ளியியல் லைப்ரரியை வைத்து, விற்பனையைப் போக்கு (நீண்டகால ஏற்ற இறக்கம்), பருவம் (வருடா வருடம் அதே மாதத்தில் திரும்புவது), மிச்சம் (இரண்டிலும் அடங்காதது) என்று பிரித்துவிட்டேன். பொங்கலும் ஆடித் தள்ளுபடியும் அழகாக வருகின்றன. அக்டோபர், நவம்பர் மட்டும் உதைக்கிறது. இன்னும் பழைய கணக்கு கிடைத்தால் சரியாகுமா?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: ஆகாது. பத்து வருடக் கணக்கைக் கொடுத்தாலும் அந்த இரண்டு மாதமும் இப்படியே உதைக்கும்.

படத்தில் மிச்சம் என்று அடியில் வருகிறதே, அதைப் பாருங்கள். 2023 அக்டோபரில் ஒரு பள்ளம், அதை ஒட்டி நவம்பரில் ஒரு மேடு இருக்க வேண்டும். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. மற்ற மூன்று வருடமும் அக்டோபர்: 2022-ல் 24, 2024-ல் 31, 2025-ல் 20. உங்கள் லைப்ரரிக்கு இது தெரியாது. பல வருட அக்டோபர்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அக்டோபர் என்றால் இவ்வளவு என்று முடிவு கட்டிவிடுகிறது. மிச்சத்தை வெறும் இரைச்சல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பள்ளமும் மேடும் பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாக வந்தால் அது இரைச்சல் இல்லை, இடம் மாறிய வியாபாரம்.

பொங்கலும் ஆடியும் சூரியனை ஒட்டிய மாதக் கணக்கு. ஜனவரி பாதியையும் ஜூலை பாதியையும் விட்டு அசையாது. தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியைப் பார்த்து வருவது, அதனால் இரண்டு ஆங்கில மாதங்களுக்கு நடுவில் ஊசலாடும். ரம்ஜான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு இனிப்புக்கடைக் கணக்குப்பிள்ளையின் நோட்டு. என் கணிப்பை நம்பி அந்தக் கடையில் நெய்யை மூன்று வாரம் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிட்டார்கள். அந்தப் பணம் முடங்கியதை இன்றும் மறக்கவில்லை. பிறகுதான் அவர் நோட்டைப் புரட்டினேன். இடது ஓரத்தில் தேதி கிடையாது. 'தீ.மு. 21', 'தீ.மு. 20' என்று தீபாவளிக்கு முன் எத்தனை நாள் என்பதை எழுதி, எதிரே மைசூர்பாகு, அதிரசம் என்று எடை. நான்கு வருட நோட்டுகளைப் பக்கம் பக்கமாக விரித்து வைத்தால், கூட்டம் ஏறுவது ஒவ்வொன்றிலும் அதே வரியில். அவருக்கு எந்தச் சூத்திரமும் தெரியாது. ஆனால் எதிலிருந்து நாளை எண்ண வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். தீபாவளிக்கு முந்தைய 25 நாளைப் பண்டிகை வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மாதத்தில் எத்தனை நாள் விழுகிறது? 2023-ல் அக்டோபரில் 14, நவம்பரில் 11. 2024-ல் 25 நாளும் அக்டோபர். 2025-ல் செப்டம்பரில் 6, அக்டோபரில் 19. இந்த எண்களை 25-ஆல் வகுத்து, அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசையாகச் சேருங்கள். லாக் (மடக்கை) எடுத்த விற்பனைக்கு மாதம், காலப்போக்கு, இந்தப் பங்கு மூன்றையும் வைத்து ரிக்ரஷன் (ஒவ்வொரு காரணமும் விற்பனையை எவ்வளவு மாற்றுகிறது என்று பிரித்துச் சொல்லும் கணக்கு) போட்டால், தீபாவளியின் பங்கு தனியே வந்துவிடும். அதைக் கழித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். கணித்து முடித்ததும் வரப்போகும் தீபாவளித் தேதிப்படி திரும்பச் சேருங்கள்.

2026-ல் தீபாவளி நவம்பர் 8. அக்டோபருக்கு 18 நாள், நவம்பருக்கு 7. இப்போதைய உங்கள் கணிப்போ, பழைய வருடங்களின் சராசரியில் நவம்பருக்கு நான்கு நாள்கூடத் தராது. ஜவுளியில் கடைசி வாரம்தான் நிற்க இடமிருக்காது என்பதால், அந்த ஏழு நாளுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். எவ்வளவு என்று முதலாளியிடமே கேளுங்கள், தினசரி பில் தொகையும் சொல்லும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் எக்ஸ்-13 என்ற பருவம் பிரிக்கும் மென்பொருளில் ஈஸ்டருக்கு இதே ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. தீபாவளியை நாம்தான் ஊட்ட வேண்டும். ப்ரோஃபெட் என்ற கணிப்பு மென்பொருளிலும் பண்டிகைத் தேதியையும் அதற்கு முந்தைய நாட்களையும் கொடுக்க வழி உண்டு.

கேள்வி: கூட்டல் முறையில் பிரிப்பதா, பெருக்கல் முறையிலா? எப்படி முடிவு செய்வது?
(ஒரு மாணவர், மதுரை)

பதில்: பருவ ஏற்றம் போக்கோடு கூட்டப்படுகிறதா, போக்கைப் பெருக்குகிறதா என்பதுதான் கேள்வி. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியோடு வரும் விமானப் பயணிகள் தரவைத் திறந்து, கையாலேயே ஒரு கணக்குப் போடுங்கள். 1949 முதல் 1960 வரை 144 மாதம், எண்கள் ஆயிரத்தில். 1949 ஜூலையில் 148. அந்த மாதத்தை நடுவில் வைத்துப் பன்னிரண்டு மாதச் சராசரி எடுத்தால் 126.8. இருபுறமும் ஆறாறு மாதம் வேண்டும், இரு ஓர மாதங்களையும் பாதியாக எடுக்க வேண்டும். தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் போக்கு ஆறு மாதம் வெற்றாக வருவது இதனால்தான். 1959 ஜூலையில் 548, சராசரி 430.7. வித்தியாசம் 21-லிருந்து 117-க்குப் போய்விட்டது. விகிதமோ 1.17-லிருந்து 1.27 வரைதான். வித்தியாசம் நிலையாக இருந்தால் கூட்டல், விகிதம் நிலையாக இருந்தால் பெருக்கல். எனவே இங்கே பெருக்கல். விகிதமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பார்த்தீர்களா? அதற்கு, லாக் எடுத்துவிட்டு எஸ்டிஎல் (STL) என்ற பிரிப்பு முறையைப் போடுங்கள். அது பருவத்தையும் வருடத்துக்கு வருடம் மெல்ல மாறவிடும்.